கண்ணின் ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி

“…எப்ப வீசத் தொடங்குவா எண்டு கேளுங்க தங்கச்சி. வெயில் ஏறுது. அங்க கரையில பெடியள் வலையோட நிக்கிறாங்கள். எனக்கு வேலை கிடக்கு.”

நாகமணி அண்ணன் இதைச் சொன்னது எங்கள் கண் கிளினிக்கின் முன்விறாந்தையில் நின்றுகொண்டு. முகம் துறைமுகத்தைப் பார்த்திருந்தது. இரண்டு கைகளும் இடுப்பில். நான் அவருக்குக் கொஞ்சம் பின்னால் நின்றேன். அவர் தமிழில் சொல்வதை டொக்டருக்கு இங்கிலீசிலும், டொக்டர் இங்கிலீசில் சொல்வதை அவருக்குத் தமிழிலும் சொல்வதுதான் என் உத்தியோகம். அன்றைக்கு அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் ஒரு சின்ன வசனம். என் வேலைக் காலத்தில் அதைவிடப் பாரமான வசனம் ஒன்றை நான் தூக்கியதில்லை.

அதை இப்போது நினைக்க வைத்தது கிளினிக்கில் இன்று வேலை செய்யும் இரண்டு பெண்பிள்ளைகள். போன மாதம் லிங்கநகரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி குடித்து முடிய ஒருத்தி கதையைத் தொடங்கினாள்.

“அக்கா, இப்ப போனே மொழிபெயர்த்துத் தருது. ஆனா கண்ணைப் பற்றி எங்கட சனம் கதைக்கிறதை அதுக்குள்ள சொன்னா, அது வேற என்னவோ சொல்லுது. கண்ணுக்கும் பார்வைக்கும் இங்கிலீசில வழமையா வாற சொல்லுகளை ஒரு தாளில எழுதித் தாறீங்களா?”

“ஓம், அதுக்கென்ன, பின்னேரம் எழுதிவைக்கிறன்” என்று சொல்லிவிட்டேன். மேசையில் இருந்தால், சொற்கள் தனியாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. ஆளை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லை மட்டும் உள்ளே கூப்பிட எனக்குத் தெரியாது. ஆகவே பிள்ளைகளே, தாளுக்குப் பதிலாக இதை வாசியுங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் படித்தவள் இல்லை. கிளினிக்கில் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு கொடுக்கச் சேர்ந்தவள். கடலைக்கொட்டை சுற்றி வந்த பேப்பர், பால்மா டின், மருந்துப் போத்தல், ரேடியோ என்று கிடைத்த இடத்தில் பொறுக்கியதுதான் என் இங்கிலீஸ். பொறுக்கியபோது ஒன்றைக் கண்டுகொண்டேன். இங்கிலீஸ் சொற்கள் தனியே வெளிக்கிட்டுப் போவதில்லை. கலியாண வீட்டுக்குப் போகிற புருசன் பெண்சாதி மாதிரி சோடியாகத்தான் போகும். கண்ணில் தண்ணீர் ஓடினால் ‘வோட்டரி ஐஸ்’. நரம்பு நரம்பாய்ச் சிவந்தால் ‘பிளட்ஷொட் ஐஸ்’. பனிப்புகார் மூடின மாதிரிப் பார்வை மங்கினால் ‘பிளர்ட் விஷன்’. இதில் ஒருத்தியின் புருசனை இன்னொருத்தியோடு அனுப்பினால், கேட்கிறவருக்கு விளங்கும்; ஆனால் முகம் ஒரு மாதிரிப் போகும். ‘வெற் ஐஸ்’, ஈரக் கண், என்று ஒருநாள் சொன்னேன். டொக்டர் சிரித்துக்கொண்டு, அது அழுகிறவரின் கண், மருந்துக்கு வந்தவரின் கண் இல்லை என்றார்.

எங்கள் சனம் இப்படிச் சோடியெல்லாம் பார்ப்பதில்லை. அவரவர் வீட்டில் இருப்பதை எடுத்துச் சொல்லும். கிண்ணியாவில் இருந்து வந்த ஓர் உம்மா, “மகள், ஊசியெல்லாம் காது இல்லாம வருது இப்ப” என்று கடைக்காரரைக் குறை சொன்னா. கோட்டடிப் பக்கத்து ஐயா ஒருவர், “நிலவு ரெண்டு எழும்புது, ஒண்டு மற்றதை விடக் கொஞ்சம் சரிவு” என்றார். இன்னொரு அம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டு, “இவன்ர காது தெரியுது, மயிர் தெரியுது, மூக்கைத்தான் காணேல்ல” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தா. அந்தச் சிரிப்பை மறக்க ஏலாது. பார்வையின் நடுவில் ஓட்டை விழுந்த கண் அது.

இந்தக் கதைகளை நறுக்கிச் சுருக்காமல் அப்படியே இங்கிலீசில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் டொக்டரின் சட்டம். டொக்டர் ஹேமமாலி கண்டிப் பக்கத்துச் சிங்கள அம்மா. தமிழ் கொஞ்சம் விளங்கும், கதைக்க வராது. எனக்குச் சிங்களம் சந்தைக்குப் போய்வர மட்டும் வரும். “எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாசையில் கதைப்போம், அப்போதுதான் இரண்டு பேரும் கவனமாக இருப்போம்” என்று முதல் நாளே சொன்னவ.

அவவின் வேலை முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாகமணி அண்ணனின் கதை அதில்தான் தொங்குகிறது.

காலையில் வந்ததும் கைமணிக்கூட்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடுவா. நோயாளியின் கதிரையைத் தன் முழங்காலுக்குக் கிட்ட இழுத்து வைப்பா. என் கதிரை நோயாளியின் இடது தோளுக்குப் பின்னால். முதலில் எனக்கு அது அவமானமாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருத்திய மாதிரி. கேட்டேன். அவ சொன்னது: “நீ முன்னால் இருந்தால் அவர் உன்னைப் பார்த்துக் கதைப்பார். நான் உன்னைப் பார்த்துக் கேட்பேன். அவருடைய கண்ணை யார் பார்ப்பது?”

அப்படியே நடக்கும். நான் கதைக்கும்போது அவ என் பக்கம் திரும்புவதேயில்லை. ‘ஸ்டெடி கேஸ்’ என்று ஒரு சோடி உண்டு. அசையாமல், அவசரப்படாமல், ஆனால் முறைக்காமல் பார்ப்பது. அதற்கு அவவின் பார்வையை விட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. நோயாளி சொல்லி முடித்ததும் பேனையை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லுவா: “வேற?” அவவுக்குச் சரளமாக வந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். நோயாளி ஏதாவது சொல்லுவார். திரும்பவும் “வேற?” சனம் இதை ஒரு பகிடியாகவே எடுத்துக்கொண்டது. வெளியில் வாங்கில் இருக்கிறவர்கள் “வேற டொக்டர் வந்திட்டாவா?” என்று கேட்பார்கள்.

அவவோடு வேலை செய்து நான் பட்ட வெட்கங்களும் உண்டு. ஒருநாள் கிண்ணியா ஹாஜியார் ஒருவரின் கண்ணைப் பார்த்துவிட்டு, “இது நேக்கட் ஐக்குத் தெரியாது” என்றா. ‘நேக்கட்’ என்றால் உடுப்பில்லாமல் இருப்பது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு என் முன்னால் இருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. டொக்டர் காத்திருந்துவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றி, கையில் இருந்த பூதக்கண்ணாடியையும் மேசையில் வைத்து, கண்ணை மட்டும் விரலால் காட்டினா. வெறுங்கண்! தமிழிலும் அதே சோடிதான் இருந்திருக்கிறது. அதே ஹாஜியாருக்கு, இமையில் வந்த கட்டியைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி ‘கீப் அன் ஐ ஒன் இட்’ என்றா. நான் பழைய வெட்கத்தில் சொல்லுக்குச் சொல் போட்டு, “அதில ஒரு கண்ணை வைச்சிருங்கோ” என்றேன். அவர் ஆற அமர யோசித்துவிட்டுக் கேட்டார்:

“சரி மகள். மற்றக் கண்ணை எங்க வைக்க?”

இனி நாகமணி அண்ணன்.

ஈச்சிலம்பற்றில் இருந்து பஸ்ஸில் வந்தவர். கூட மனைவி தெய்வானை அக்கா, அவவின் தம்பி சிவலிங்கம். கரைவலைக் காலம் அது. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வலையை ஏற்றிய தோணி கண்மூடிக்கொண்டு கடலுக்குப் போவதில்லை. கரையில் உயரமான ஒரு கல்லில் ஒருவர் நின்று கடலைப் பார்ப்பார். மீன்கூட்டம் வந்தால் தண்ணீரின் நிறம் ஓரிடத்தில் கறுக்கும், அல்லது தோல் சிலிர்த்த மாதிரி இருக்கும். அவர் கையில் உள்ள துணியை வீசுவார். அந்த வீச்சைப் பார்த்துத்தான் தோணி வலதா இடதா என்று திரும்பி வலையை வளைக்கும். நாகமணி அண்ணன் அந்தக் கல்லில் நிற்கிறவர். அந்தக் கரையில் வலை இழுக்கிற அத்தனை வீட்டு அடுப்பும் அவருடைய கண்ணைப் பார்த்துத்தான் எரியும்.

அவர் வந்து இருந்ததும் எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை. காரணம் சொல்லுகிறேன். பின்னால் இருந்து நான் கதைக்கத் தொடங்கினால் எல்லாரும் கண்ணின் ஓரத்தால் என்னை ஒருதரம் பார்ப்பார்கள், ‘குவிக் க்ளான்ஸ்’, பிறகு டொக்டரைப் பார்ப்பார்கள். இவர் நான் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு, தோள் எல்லாவற்றோடும் முழுசாகத் திரும்பி, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, பிறகு திரும்பவும் முன்னுக்குத் திரும்பினார். என்ன மனுசன் இவர், பெண்ணொருத்தி கதைத்தால் இப்படியா திரும்பிப் பார்ப்பது என்று நினைத்தேன்.

“என்ன பிரச்சினை?” என்று டொக்டர் கேட்டா.

“எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. இவதான் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தவ.”

தெய்வானை அக்கா கதவடியில் நின்று, “கதவு நிலையில ரெண்டு தரம் தோளை அடிச்சவர், டொக்டர். நல்லாக் கண் தெரியிற மனுசன் நிலையிலயே அடிக்கும்?” என்றா.

“நிலை ஒடுக்கம்.”

“நீங்க கட்டின வீடுதானே!”

பார்வை அட்டையைப் பார்க்கச் சொன்னோம். எங்கள் அட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. முந்தி அதில் எழுத்துகள் இருந்தன. வெளியில் வாங்கில் இருப்பவர்களுக்கு உள்ளே படிப்பது கேட்கும். கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிவிடுவார்கள். சீனன்குடாப் பக்கம் காவல் வேலைக்குப் போகிற ஒருவர், நான் அட்டையின் விளக்கைப் போடும் முன்னமே நாலு வரியையும் ஒப்புவித்துவிட்டு, “இவ்வளவும் காணுமா மிஸ்?” என்று கேட்டவர். அதனால் நாங்கள் எழுத்துக்குப் பதிலாக, முள்ளுக்கரண்டி மாதிரி மூன்று பல் உள்ள அடையாளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டச் சொல்லும் அட்டையை வைத்திருந்தோம். நாகமணி அண்ணன் வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். கடைசி வரி வரைக்கும் ஒன்று கூடப் பிழைக்கவில்லை. ‘ஷார்ப் ஐஸ்’, கூரான கண்கள், என்று டொக்டர் மெச்சினா. சொன்னேன். கழுகுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்த மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

“பாத்தியா?” என்றார் மனைவியிடம். எழும்பப் போனார்.

டொக்டர் பேனையை மூடினா. “வேற?”

“வேற ஒண்டும் இல்லை.”

“வேற?”

எழும்பப் போனவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். பிறகு முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “மீனை நேரா முறைச்சுப் பாக்கக் கூடாது தங்கச்சி. நேரா பாத்தா தண்ணி மினுங்கும், ஒண்டும் பிடிபடாது. கடலை அங்கால பாத்துக்கொண்டு, ஓரத்தால விட்டுப் பிடிக்கோணும். கறுப்பு அசையிறது ஓரத்திலதான் முதல் தெரியும். இப்ப கொஞ்ச நாளா இடப்பக்க ஓரத்தில ஒண்டும் வருதில்லை. ரா இருட்டில மின்னல் மாதிரி வெட்டிச்சுது, பிறகு கரித்தூள் பறந்துது, பிறகு அந்தப் பக்கம் சும்மா இல்லாமப் போச்சு. நான் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளித் திரும்பி நிண்டு சமாளிக்கிறன். வெயில்தான் காரணம்.” உடனேயே கையை ஆட்டினார். “இதைச் சொல்லிப்போடாதீங்க. வெளியில சிவலிங்கம் நிக்கிறான். அவன் சம்மாட்டியாரிட்டச் சொன்னா, நாளைக்குக் கல்லில அவன் நிப்பான்.”

சம்மாட்டியார் என்றது வலையின் சொந்தக்காரரை.

“அண்ணே, எனக்கு முன்னால சொன்னா அது டொக்டருக்குச் சொன்ன மாதிரித்தான். நான் ஒண்டையும் விட ஏலாது” என்றேன்.

“ஏலாது எண்டால்? நாங்களும் நீங்களும் தமிழ்தானே!”

“அதுதான் அண்ணே. உங்கட கண்ணை உங்கட தமிழிலயே அவவுக்குக் காட்டப்போறன்.”

முழுவதையும் சொன்னேன். மீனை நேரே பார்க்காததையும் சொன்னேன். ‘அவுட் ஒஃப் த கோர்னர் ஒஃப் மை ஐ’ என்று. எங்களிடம் கடைக்கண் பார்வை என்றால் அது காதல்காரருக்கும் கோயிலில் இருப்பவருக்கும் உரியது. இங்கிலீசில் அது சாதாரண மனுசருடைய சொல், எதையாவது தற்செயலாகக் கண்டவர்கள் எல்லாம் சொல்வது. இந்த மனுசருக்கோ அது பிழைப்பு. டொக்டருக்கு அதை எந்தக் குரலில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஆனால் அவவின் முகத்தில் அது போய் விழுந்தது நினைவிருக்கிறது. எழும்பி, தானே மருந்துப் போத்தலை எடுத்து, இரண்டு கண்ணிலும் பாவையை விரிக்கும் துளியை விட்டா. வாங்கில் இருந்தவர்களைப் பிறகு வரச் சொல்லும்படி தாதியிடம் சொன்னா. அவ அப்படிச் சொன்னதை நான் அதிகம் கேட்டதில்லை.

பாவை விரிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் வில்லையைப் பிடித்து, அவர் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தா. மேலே பாருங்கள், கீழே பாருங்கள், என் காதைப் பாருங்கள். ‘குளோஸ் லுக்’ என்ற சோடியை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வசனமாக, நான் பிடித்துக்கொள்ள நேரம் விட்டு விட்டுச் சொன்னா. கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் படலம் இடது கண்ணில் ஒரு பக்கம் கழன்றுவிட்டது, ஈரச் சுவரில் கடதாசி கழலுவது போல. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் அட்டை முழுதும் தெரிகிறது. நடுவும் கழன்றால் பிறகு எந்தச் சத்திரசிகிச்சையும் பழைய பார்வையைத் தராது. இன்றைக்கே கொழும்புக்குப் போக வேண்டும். கிளினிக்கின் வான் வண்டி நிற்கிறது. அங்குள்ள டொக்டரோடு நான் கதைத்துவிடுகிறேன்.

“இண்டைக்கோ?” என்றார். “இண்டைக்கு ஏலாது. காத்து மாறியிருக்கு. விடியக் கீரிமீன் வரும். சீசன் முடியப் போறன்.”

“சீசன் முடிய அந்தக் கண் இருக்காது எண்டு சொல்லுறா.”

“அவ சொல்லுவா. அவவுக்குக் கண்தான் வேலை. எனக்கும் கண்தான் வேலை. கடைசி வரி வரைக்கும் வாசிச்சனான், நீங்களும் கண்டனீங்கள். நடு நல்லா இருக்கு எண்டு அவவே சொல்லுறா. மிச்சம் இந்த மருந்தால வந்த கூச்சம்.”

“மருந்து இப்பதானே அண்ணே விட்டது? கரித்தூள் பறந்தது எப்ப?”

கோபம் வந்துவிட்டது. முறைத்தார், ‘க்ளெயர்’. கடலில் கண்ணைக் கூசவைக்கும் வெயிலுக்கும் இங்கிலீசில் அதே பெயர்தான். இரண்டையும் ஒரே முகத்தில் கண்டேன்.

சிவலிங்கம் இதற்குள் கதவடிக்கு வந்துவிட்டான். “அத்தான், போங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்.”

“நீயோ? மேகத்தின்ர நிழலுக்கும் வலை விடுறவன் நீ! போன வருசம் மேகத்தை வளைச்சுப் பிடிச்சுக்கொண்டு வந்தவன் எல்லே?”

தெய்வானை அக்கா அழவில்லை. “மேகத்தை வளைச்சாலும் அவன் கதவு நிலையில முட்டுறதில்லை” என்றா.

நான் இந்தச் சண்டையையும் ஒன்றுவிடாமல் டொக்டருக்குச் சொன்னேன், மேகத்தோடு. அவ சிரிக்கவில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துணியைக் காட்டி, “அதுதானா வீசுகிற துணி?” என்று கேட்டா. ஓம். “அதை எனக்குக் கொஞ்ச நேரம் தரச் சொல்லு. விறாந்தைக்கு வரச் சொல்லு. கல்லில் நிற்கிற மாதிரி நிற்கட்டும். நான் வீசுகிறேன். அவர் கண்டுகொண்டால் நான் ஒன்றும் பேசமாட்டேன், பஸ் ஏறலாம்.”

சொன்னேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. பல் தெரியாமல், கொடுப்புக்குள் சிரித்தார். தன் தொழிலில் தன்னைச் சோதிக்கிறார்களாம்! துணியை உருவி அவவின் கையில் வைத்து, “கை வலிக்க வலிக்க வீசச் சொல்லுங்கோ” என்றார்.

விறாந்தையில் இருந்து பார்த்தால் துறைமுகத்தின் உட்புறம் தெரியும். ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. அதற்கு அங்கால மலை. நாகமணி அண்ணன் கால்களைக் கொஞ்சம் அகட்டி, கைகளை இடுப்பில் குத்தி நின்றார். அப்போதுதான் அவரை நான் அவருடைய கல்லில் கண்டேன் என்று சொல்ல வேண்டும். கூசும் கண்ணைச் சுருக்கியிருந்தாலும் அந்த நிற்பில் ஓர் அதிகாரம் இருந்தது. “கப்பலின்ர கொடிக் கம்பத்தைப் பாருங்கோ. பார்வையை எடுக்கக் கூடாது. தலையையும் திருப்பக் கூடாது” என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன்.

“எனக்கு இதையோ சொல்லித் தாறீங்கள்?”

டொக்டர் முதலில் அவருடைய வலப்பக்கம் போனா, தோளுக்கு நேரே, நாலைந்து எட்டுத் தள்ளி. துணியை உயர்த்தி ஒருதரம் வீசினா.

“ஓம், வீசுறா” என்றார் உடனேயே. கண் கம்பத்தை விட்டு அசையவில்லை. “மேல தூக்கி வீசச் சொல்லுங்கோ, தோணிக்குக் காணாது.”

வாசலில் நின்ற தெய்வானை அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. சிவலிங்கம் தரையைப் பார்த்தான்.

டொக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் போனா. அதே அளவு தள்ளி நின்றா. துணியை உயர்த்தினா. வீசினா. அவர் சொன்னபடி மேலே தூக்கி, கை வலிக்க வலிக்க, தோணிக்குத் தெரிகிற மாதிரி வீசினா. காற்று இல்லாத வெயில் அது. துணி தானாக அசையும் நேரமில்லை. சிவப்பு அப்படி எரிந்தது. விறாந்தையில் இருந்த எல்லாரும் அதைத்தான் பார்த்தோம். நாகமணி அண்ணன் மட்டும் கொடிக் கம்பத்தைப் பார்த்தபடி பொறுமையாக நின்றார். பிறகு பொறுமை போனது.

“எப்ப வீசத் தொடங்குவா எண்டு கேளுங்க தங்கச்சி. வெயில் ஏறுது. அங்க கரையில பெடியள் வலையோட நிக்கிறாங்கள். எனக்கு வேலை கிடக்கு.”

அந்தக் கேள்வியை நான் டொக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை. என் வேலைக் காலத்தில், டொக்டரிடம் கேட்கச் சொல்லி ஒரு நோயாளி தந்த கேள்விக்கு நானே பதில் சொன்னது அந்த ஒருதரம்தான். டொக்டர் என்னைப் பார்த்தா. வழக்கமாக என்னைப் பார்க்காதவ. கையை நிறுத்தவில்லை, தலையை மட்டும் மெல்ல ஆட்டினா. சொல் என்று.

“அண்ணே” என்றேன். “அவ வீசிக்கொண்டுதான் நிக்கிறா.”

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு விறாந்தையின் அமைதி அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கொடிக் கம்பத்தில் இருந்து கண்ணை எடுத்தார். இந்த முறை தோளோடு திரும்பவில்லை. தலையை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, இடப்பக்கம் கொண்டுபோனார். எங்கே சிவப்பு தொடங்குகிறது என்று அளப்பவர் போல. ஓரிடத்தில் தலை நின்றது. அந்த இடத்தில் துணி அவருக்குச் சுவருக்குப் பின்னால் இருந்து குதித்த மாதிரி வந்திருக்கும். வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். திரும்பவும் இடப்பக்கம். திரும்பவும் வலப்பக்கம். இருக்கிற கடலுக்கும் இல்லாத கடலுக்கும் இடையில் உள்ள எல்லையைத் தானே பார்த்தார்.

டொக்டர் கையை இறக்கினா. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றா.

நாகமணி அண்ணன் நடந்து போய் அவவின் கையில் இருந்து துணியை வாங்கினார். அதை உதறினார். நீளவாட்டில் மடித்தார். வாசலுக்கு வந்து, சிவலிங்கத்தின் கையை இழுத்து, உள்ளங்கையில் துணியை வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

“முதல்ல மேகத்தைப் பார்” என்றார். “பிறகு கடலைப் பார்.”

அதன் பிறகு படியிறங்கி, வானின் கதவைத் தானே இழுத்துத் திறந்து ஏறி, இடது தோள் தகரத்தோடு ஒட்ட, கடல் வலப்பக்கம் வரும்படி இருந்துகொண்டார்.